கிழக்குப் பக்கத்துக் கொடி

தம்பி,

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நீ பஸ் ஏறிய பிறகுதான் இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது என்று எழுதினால் அது பொய். நீ அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் தம்ளரை வைத்து, கடற்கரையில் நீங்கள் கட்டப்போகும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தை அறை அறையாக விரல் வைத்துக் காட்டியபோதே என் கண் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. பெரிய கூடம் இருந்தது. சமையலறை, சாமான் அறை, மேலே தண்ணீர்த் தொட்டி, நடக்க முடியாதவர்களை ஏற்றிக் கொண்டுபோகச் சரிவுப் பாதை, ஆண்களுக்கு இந்தப் பக்கமும் பெண்களுக்கு அந்தப் பக்கமும் கழிப்பறை. எதையும் விடவில்லை என்று உனக்கே ஒரு திருப்தி. "எப்படி இருக்குப்பா?" என்று கேட்டாய். பக்கத்தில் மருமகள் நின்றிருந்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். நான் தேடியது ஒரு கயிறு. பெண்கள் துணி காயப்போடும் கொடி. உன் வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

உன் அம்மா இருந்திருந்தால் அந்த மேசையருகே நின்று ஒரே கேள்வி கேட்டிருப்பாள். "எல்லாம் சரிதேன், பொம்பளையாளுக துணிய எங்கன காயப்போடுவாக?" எத்தனையோ வெள்ளம், தீ, மண்சரிவு என்று நான் பத்திரிகைக்கு எழுதிவிட்டு வீடு திரும்பியபோதெல்லாம் அவள் கேட்ட கேள்வி அது. செத்தவர்கள் எத்தனை பேர், அமைச்சர் வந்தாரா என்று ஊரே கேட்கும். அவள் காபியை நீட்டியபடி இதைக் கேட்பாள். அவள் போய் மூன்று வருடமாகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது வீட்டில் ஆளில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. இரண்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். வேறு யார் எழுதுவார்கள் என்று யோசித்தபோது ஒருவரும் அகப்படவில்லை.

நீ அப்போது ஆறாம் வகுப்பு. ஐப்பசி அடைமழைக்குப் பள்ளிக்கூடங்களை மூடியதும் உன்னைக் கம்பத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அதனால் நம் ஊரில் நடந்தது உனக்குத் தெரியாது. மேகமலையில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் சில சரிந்துவிட்டன. சின்னமனூரிலிருந்து மேலே போகும் பாதை பல இடத்தில் மண்ணோடு இறங்கிவிட்டது. பாதை முழுக்க அறுந்துபோவதற்கு முன்னால் கிடைத்த ஜீப்புகளில் கொஞ்சம் பேரை இறக்கினார்கள். சின்னமனூரில் இருந்த மண்டபங்கள் நிரம்பிவிட, மிச்சமிருந்த குடும்பங்களை ராயப்பன்பட்டிக்கு அனுப்பினார்கள். உன் அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை அடுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, வகுப்பறைகளில் பாய் விரித்துக் கொடுத்தோம். கட்டிய துணியோடு வந்தவர்கள். சிலர் கையில் தேயிலை பறிக்கிற கூடை மட்டும் இருந்தது. ஓடி வரும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் அதை எடுத்திருக்கிறார்கள்.

ஊர் அவர்களை எப்படி வரவேற்றது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கோளாறே அங்கேதான் வந்தது. உன் சவரிமுத்து மாமாதான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினார். உன் அம்மாவுக்குப் பெரியப்பா மகன், எனக்கு மச்சான். குரலை உயர்த்தாமலே ஊரை நிறுத்தி வைக்கக்கூடிய ஆள். முதல் நாளே இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, பழைய துணி வாங்கக் கூடாது. "வந்துருக்கவுக விருந்தாளிக. கிழிசலக் குடுத்து அனுப்புனா அவுகளுக்கா கேவலம்? நமக்குத்தேன் கேவலம்." யாரோ ஒரு மூட்டை பழஞ்சேலை கொண்டுவந்தார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். உத்தமபாளையத்துக்கு ஆள் அனுப்பி, வந்திருந்த அத்தனை பெண்களுக்கும் புதுச் சேலை எடுத்தார். பளபளவென்று பாலியஸ்டர் சேலை, கட்டம் போட்டது, பூப்போட்டது. இரண்டாவது சட்டம், வந்தவர்கள் யாரும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. விருந்தாளியைச் சமைக்கச் சொல்வார்களா? நம் ஊர் ஆட்களே பள்ளிக்கூட முற்றத்தில் கொட்டகை போட்டு, கல்யாணத்துக்கு ஆக்குவதுபோல அண்டா வைத்து ஆக்கிப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. அந்தக் குழம்பைப் பற்றி எஸ்டேட்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் அதையெல்லாம் செய்தியாக எழுதினேன். அரிசி எங்கிருந்து வந்தது, பாய் யார் கொடுத்தது, பால்பவுடர் போதுமா, மருத்துவக் குழு எப்போது வந்து போனது என்று ஒவ்வொன்றையும் கேட்டு, இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதினேன். எழுதியதில் பிழை கிடையாது. ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி செய்தியில் பிழையாகத் தெரியாது. என் தொழிலின் பெரிய சங்கடம் அது. உன் தொழிலிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். போடாமல் விட்ட கோட்டை வரைபடத்தில் யார் கண்டுபிடிப்பது?

முத்துமாரி என்று ஒரு பெண். பதினாறு வயதிருக்கும். தாயும் மகளுமாக எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர்கள். மண் சரிந்த அன்று தாய் வேறொரு பக்கம் வேலைக்குப் போயிருந்தாள். பாதை அறுந்து அவள் மேலே மாட்டிக்கொள்ள, மகள் மட்டும் ஜீப்பில் வந்துவிட்டாள். அந்தப் பெண் வந்த மூன்றாம் நாளிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. தாயை நினைத்து ஏங்கிப்போய்விட்டாள் என்றார்கள். மருத்துவக் குழுவில் வந்தவர் ஆண் டாக்டர். என்ன செய்கிறது என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாளாம். காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த தடவை வருகிறபோதும் கொதிப்பு இறங்காவிட்டால் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பெண் இன்னும் சுருண்டுகொண்டாள். தேனிக்குக் கொண்டுபோய்விட்டால் தாய் இறங்கி வந்து எங்கே தேடுவாள் என்று அவளுக்குப் பயம்.

உன் அம்மா கவனித்தது வேறு. அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதில்லை. பக்கத்தில் வைத்த செம்பு அப்படியே இருந்தது. எப்போதாவது எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி, வெந்த புண்ணோடு நடப்பதுபோல நடந்தாள். பக்கத்துப் பாயில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, அதே லைன் வீட்டுக்காரி, வாய்த்துடுக்கானவள். அவளை உன் அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாளாம்: "அவளுக்குக் காச்ச மேலுக்கு இல்ல டீச்சர். கீழ. தொடையெல்லாம் அறுத்துப் புண்ணாகிக் கெடக்கு."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. மாதவிலக்குக்கு அவர்கள் வைத்திருந்த துணியெல்லாம் லைன் வீட்டிலேயே போய்விட்டது. இங்கே கையில் இருந்தது ஊர் கொடுத்த புதுச் சேலை. மறைவாக அதைக் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள். "ஒரு சொட்டு உறிஞ்ச மாட்டேங்குது டீச்சர். தகரத்த மடிச்சு வச்ச மாதிரி இருக்கு. குடுத்த மகராசன் நல்லாருக்கட்டும், அவரு ஒரு நாளு கட்டிப் பாக்கணும்" என்றாளாம் பேச்சியம்மாள். வேறு வழியில்லாமல் உள்பாவாடையைக் கிழித்துக்கொண்டார்கள். அதை இருட்டோடு இருட்டாக அலசிப் பாய்க்கு அடியில் போட்டுப் படுத்தார்கள். காயாது. ஈரத்தோடு மறுபடி கட்டினார்கள். மலையில் எத்தனை மழை பெய்தாலும் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அடுப்புக்கு மேலே பரணில், விறகுக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். சூட்டிலேயே காய்ந்துவிடும், யார் கண்ணிலும் படாது. இங்கே அடுப்பு நம் ஊர் ஆண்கள் கையில் இருந்தது. விருந்தாளி அடுப்புப் பக்கம் போகக் கூடாதே. உன் சவரிமுத்து மாமா மரியாதைக்காகப் போட்ட இரண்டு சட்டமும் சேர்ந்து அந்தப் பெண்ணின் காலைக் கட்டிப்போட்டுவிட்டன. கெட்ட மனசு யாரிடமும் இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் கண்ட இப்படிப்பட்ட சங்கடங்களில் பாதிக்கு மேல் நல்ல மனசால் வந்தவைதான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த உன் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு இதை என்னிடம் சொன்னாள். எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் இந்தப் பேச்சை அவள் என்னிடம் எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. மாதத்தில் சில நாள் அவளுக்கு முடியாது என்பது தெரியும். அவ்வளவுதான். அவள் துணி எங்கே காய்கிறது என்பது அதே கூரையின் கீழ் இருந்த எனக்குத் தெரியாது. சொல்லி முடித்துவிட்டுத் தெருவில் நாலைந்து வீட்டுக்குப் போய்ப் பழைய நூல்சேலை கேட்டாள். பழசு கொடுக்கக் கூடாது என்று சவரிமுத்து அண்ணன் சொல்லியிருக்கிறார் என்றார்கள் சிலர். தான் உடுத்திய துணியை இதற்கென்று அந்நியருக்குக் கொடுப்பதா என்று சிலர் தயங்கினார்கள். அவள் வீட்டுக்கு வந்து தன் பெட்டியைத் திறந்தாள்.

சுங்குடிச் சேலைகள். வருடக்கணக்காகத் துவைத்துத் துவைத்து நிறம் வெளிறி, கையில் எடுத்தால் கனமே தெரியாதவை. ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. நீளமாக, நின்று நின்று போகும். அடியில் ஒரு கருநீலச் சேலை இருந்தது, வெள்ளைப் புள்ளி போட்டது. அதில்தான் உனக்குத் தூளி கட்டினோம். நடுவீட்டு உத்தரத்தில் கட்டி ஆட்டுவோம். நீ ஒரு காலை வெளியே தொங்கவிட்டுத்தான் தூங்குவாய். அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "அதுவுமா?" என்று கேட்டேன். "இதுதேங்க இருக்குறதுலயே மெத்துன்னு இருக்கு. அந்தப் பிள்ளைக்குப் புண்ணு மேல படணும்ல" என்றாள். பிறகு அதையும் கிழித்தாள். நீ பெரியவனான பிறகு ஒருநாள் என் தூளிச் சேலை எங்கே என்று விளையாட்டாகக் கேட்டாய். அது நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. எங்கே போனது என்று இப்போது உனக்குத் தெரியும்.

மறுநாள் உன் அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சைக் கையோடு கூட்டிப்போனாள். புண்ணைக் கழுவி மருந்து போட்ட நர்ஸ் கண்டிப்பாக ஒன்று சொன்னார். உலர்ந்த துணி வேண்டும், வெயிலில் காய்ந்த துணியாக இருந்தால் நல்லது, ஈரம் பட்டால் மருந்து வேலை செய்யாது. அதிர்ஷ்டவசமாக மழை விட்டு வெயில் அடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காலையிலிருந்து வெயில் விழுகிற இடம் ஒன்றுதான். உன் அம்மா அங்கே இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவில் கயிறு கட்டினாள். ஒருத்தியும் போடவில்லை. அதை ஒட்டித்தான் வாழைத்தோப்புக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. "ஆம்பளையாளுக போற வழி டீச்சர்" என்றாள் பேச்சியம்மாள். "இந்தத் துணி பாம்பு கண்ணுல பட்டாலே பிள்ள தங்காதும்பாக. ஆம்பள கண்ணுல பட்டா?" பின்னால் இருந்து ஒருத்தி, "அதுக்குப் பாம்பே தேவல" என்றாளாம். அறை முழுக்கச் சிரிப்பு. அந்த நாட்களில் அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று உன் அம்மா சொன்னாள். சிரித்தார்களே தவிர யாரும் துணியை எடுத்து வரவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் உன் அம்மா தன் துணியைக் கொண்டுபோய் அந்தக் கொடியில் போட்டாள். மேலே சேலை போட்டு மூடவில்லை. தான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம், தான் பிறந்த ஊர், அண்ணன் தம்பிகள் நடக்கிற பாதை. போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாளாம். பேச்சியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

முதலில் அந்தப் பாதையில் வந்தவர் உன் சவரிமுத்து மாமாதான். பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், தோப்புக்குப் போகாமல் திரும்பினார். நான் டீக்கடையில் இருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடிக்கவில்லை.

"மாப்ள, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு கொடி கட்டிருக்கு."

"ஆமா மச்சான்."

"யாரு கட்டுனது?"

"ஒங்க தங்கச்சிதேன்."

"அதுல காயிறது?"

"அதுவும் ஒங்க தங்கச்சியோடதுதேன்."

அவர் டீயைத் தள்ளி வைத்தார். எழுந்து கடைக்குப் பின்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பேனா பிடித்தே பிழைத்தவன்தான், இருந்தாலும் அன்று வார்த்தைக்குத் திணறினேன். "அந்தத் துணி", "அந்த நாளு" என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். புதுச் சேலை உறிஞ்சாது என்பதையும், அடுப்பு இல்லாததால் துணி காயவில்லை என்பதையும், அந்தப் பெண்ணின் புண்ணையும் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பிள்ள நடந்துருமா?" துணி காய்ந்தால் நடந்துவிடும் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் அந்த ஒற்றையடிப் பாதையை மறித்துக்கொண்டு அவருடைய மாட்டுவண்டி நின்றது. வண்டி நிறைய, ஆள் உயரத்துக்கு மேல் சோளத்தட்டை. தோப்புக்குப் போக வந்தவர்கள் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். "அச்சு முறிஞ்சு கெடக்கு. கோயில் பக்கமாச் சுத்திப் போங்க." முறிந்த வண்டியில் யார் இத்தனை தட்டை ஏற்றுவது என்று ஒருவன் கேட்டான். "ஏத்துன பெறகுதேன்லே முறிஞ்சது. ஒனக்கென்ன, சுத்திப் போனா காலு தேஞ்சு போயிருமோ?" அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஊருக்கே தெரியும். இரண்டு நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே கொட்டகையில் இருந்த நம் ஆட்களை அனுப்பிவிட்டு, அடுப்பை எஸ்டேட் பெண்களிடம் விட்டுவிட்டார். நம்ம உப்பு உறைப்பு அவுகளுக்குப் பிடிக்கலயாம் என்று வெளியே சொல்லிக்கொண்டார். அவர் சாகும்வரை இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் அம்மாவிடமும் பேசியதில்லை.

கொடி நிறைந்தது. நான் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தேன். சோளத்தட்டைக்கு மேலே கயிற்றின் ஒரு நுனி தெரிந்தது, அதில் கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. வாரம் திரும்புவதற்குள் முத்துமாரி சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். டாக்டர் மறுபடி வந்தபோது முற்றத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தன் மாத்திரைக்குத்தான் கேட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போனார். அதற்குள் மேலே மாட்டிக்கொண்டிருந்த தாய் காட்டுப் பாதையில் நடந்தே இறங்கி, கேட்டுக் கேட்டு நம் ஊருக்கு வந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூட வாசலில் நின்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், இந்தப் பெண் செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடினாள், தம்பி. அதுதான் விஷயம். உன் அம்மா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் முகம் இருந்த மாதிரியை எழுத எனக்கு இன்னும் கைவரவில்லை.

பாதை சரியாகி அவர்கள் திரும்பிப் போன அன்று பேச்சியம்மாள் அந்தக் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். "இதக் கொண்டுட்டுப் போகவா டீச்சர்? ஒங்க ஊருச் சேலய விட இதுதேன் ஒழச்சுச்சு." உன் அம்மா அரிவாள்மனை வாங்கி வந்து கயிற்றைப் பாதியாக அறுத்து ஒரு பாதியைக் கொடுத்தாள். மறுபாதி நம் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தது. கிழக்குப் பக்கத்தில், மற்ற துணி காயப்போடும் கொடியிலிருந்து தள்ளி, அவள் கட்டினாளே, அதுதான். அதில் அவள் தன் துணியை மூடாமல் போட்டாள். முதல் நாள் தெரியாமல் மாடிக்குப் போன நான் பாதிப் படியில் திரும்பினேன். "ஏங்க, பேயவா பாத்தீக? துணிதேன்" என்றாள். நீ கம்பத்திலிருந்து வந்த பிறகு அது என்ன துணி என்று கேட்டாய். என் துணி, மாதத்தில் சில நாள் எனக்கு வேண்டும், உனக்கு விவரம் தெரியும்போது சொல்கிறேன் என்றாள். நீ பட்டம் விடப் போய்விட்டாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. பிறகு விவரமும் சொன்னாள் என்று எனக்குத் தெரியும், நீங்கள் இருவரும் பேசுவது காதில் விழுந்து நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அவள் நாப்கின் வாங்கப் போனால் கடைக்காரர் அதை நம் பத்திரிகையில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பார். வீட்டில் பிரித்ததும் என் செய்தி இருக்கிற பக்கத்தைத் தேடி எடுத்து என் முன்னால் வைப்பாள். "இன்னிக்குத்தேன் ஒங்க எழுத்து ஒரு வேலைக்கு ஆயிருக்கு."

சுனாமி வந்தபோது என்னைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். எங்கிருந்தெல்லாமோ லாரியில் வந்த பழைய துணி ரோட்டோரம் மலைமலையாகக் கிடந்தது. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. முகம் தெரியாதவர்கள் கழித்துப்போட்டதை எடுத்து உடுத்துவதா என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். உன் சவரிமுத்து மாமா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசியபோது எத்தனையோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். தெரியாது என்றேன். "கேட்டுட்டு வந்து பேசுங்க" என்று வைத்துவிட்டாள். கேட்டேன். கூடாரத்துக்குள் குடத்துக்கு அடியில் வைத்துக் காயவைக்கிறோம் என்றார்கள். குடத்துக்கு அடியில், தம்பி. அங்கே எப்படிக் காயும்? அதன் பிறகு எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் அதைக் கேட்டேன். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் ஆரம்பித்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. இப்போது கேட்டுக்கொண்டு வந்தாலும் சொல்ல ஆளில்லை.

ஆகவே அந்தக் கட்டடத்துக்கு வருகிறேன். பெண்கள் கழிப்பறைக்குப் பின்னால், காலை வெயில் விழுகிற பக்கம், தலைக்கு மேல் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, மேலே திறந்தபடி ஒரு சின்ன முற்றம் விடு. அதில் இரண்டு கொக்கி. கயிறு அவர்கள் கட்டிக்கொள்வார்கள். அந்த முற்றத்துக்கு வழி பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் இருக்கட்டும். மழையோடு புயலும் வருகிற இடம் என்பதால் உள்ளேயும் ஒரு மூலையில் காயப்போட வசதி வேண்டும். சமையலறைச் சூடு வருகிற சுவராக இருந்தால் நல்லது. கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா என்று நீயே போய்ப் போட்டுப் பார். துவைக்கிற தண்ணீர் அறைக்குள்ளேயே வர வேண்டும், வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடக்கும்படி வைக்காதே. நாப்கின் கொடுத்தால் பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பதற்கும் ஒரு மூடிய குழி வேண்டும். கொடுக்கிற கை பெண்ணுடைய கையாக இருக்கட்டும், வரிசையில் நிற்க வைத்து மைக்கில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வரைபடத்தை அந்தக் கடற்கரைக் குப்பத்துப் பெண்களிடம் கொண்டுபோய் விரித்து, நீ வெளியே போய்விட்டு, ஒரு பெண்ணை விட்டுக் கேட்கச் சொல். முதல் நாள் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் நாளும் அனுப்பு. உன் மேலதிகாரி இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், உனக்குத் தோன்றியதைச் சொல். வண்டி அச்சு முறிந்துவிட்டது என்றுகூடச் சொல். கொக்கி இருந்தால் போதும்.

இன்னொன்று. அதைத்தான் முதலில் எழுத நினைத்து, கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். கல்யாணம் முடிந்து நீங்கள் இங்கே இருந்த நாட்களில் ஒருநாள் காயவைத்த மிளகாயை அள்ள மாடிக்குப் போனேன். பெரிய கொடியில் ஒரு துண்டு விரித்திருந்தது. காற்றுக்குத் துண்டு கொஞ்சம் விலகியது. அடியில் இன்னொரு துணி, அதன் ஓரம் தெரிந்தது. இன்னும் ஈரமாக இருந்தது. மிளகாயை அள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன். மருமகள் என்னை மாமா என்று கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன். என்ன சொல்வது? மாமனார் சொல்கிற பேச்சா அது? உன் அம்மா இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "இங்கன போடு ஆத்தா, வெயில் நல்லா விழுகும்" என்று காட்டியிருப்பாள். ஒரு நிமிஷத்து வேலை அவளுக்கு. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொல். கிழக்குப் பக்கத்துக் கொடி அவளுக்கு என்று சொல். அது யார் கட்டியது, எங்கிருந்து வந்தது, உன் தூளிச் சேலை எங்கே காய்ந்தது என்பதையும் சொல். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது நான் காலையில் மாடிக்கு வர மாட்டேன். மிளகாயைக் கீழே முற்றத்திலேயே காயவைத்துக்கொள்கிறேன்.

பழைய கயிறு வெயிலில் இற்றுப்போயிருந்தது. நேற்று சின்னமனூர் போனபோது அதே கனத்தில் புதுக் கயிறு வாங்கி வந்து, அவள் முடிச்சுப் போட்டிருந்த மாதிரியே போட்டுக் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன், தாங்குகிறது. இன்று காலை முழுவதும் வெயில் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. அதில் காயப்போட என்னிடம் ஒன்றுமில்லை.

அப்பா